பினாங்குத் தீவில் ஏழு நாள்

பயணம் தமிழர்க்குப் புதியதன்று. ஓதலுக்கும் தூதுக்கும் பகைக்கும் பொருளுக்கும் தலைவன் பிரிந்து செல்வதைத் தொல்காப்பியர் முறைப்படுத்தி உரைத்தார். ஓய்வுக்காகப் பிரிதல் என்றொன்றை அவர் வகுத்தாரில்லை. எனினும் உழைத்த மக்கள் கூடிக் களித்த கடற்கரை தமிழிலக்கியத்தில் இல்லாமற் போகவில்லை. இந்திரவிழா முடிந்தபின் புகார் நகரத்து மக்கள் திரண்டு நெய்தலங்கானலுக்குச் சென்று கடலாடிய காட்சியைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை விரித்துரைக்கின்றது. நகரை அடுத்த கடற்கரையில் சில பொழுது வாழ்ந்து மகிழ்தல் நம் முன்னோர் அறிந்த இன்பமே என்பதற்கு அது சான்று.

அவ்வின்பம் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழருக்கு எப்போது மீண்டும் கிட்டியது? கோல சிலாங்கூரிலும் சிலாங்கூரின் வடபுலத்திலும் பால்மரம் வெட்டிய ஒரு குடும்பம், தானே நாள் குறித்து, தன் பணத்தில், ஒரு வாரம் ஒரு தீவுக்குச் சென்று தங்கிவர எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது? இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயின் இதற்கு விடை தேடப் புகுந்தால் நம் மக்களின் நூறாண்டு வரலாறு முழுவதும் எழுந்து வந்து நம்முன் நிற்கும். அவ்விடையைத் தேடுவதோடு, இன்று அப்பயணத்தைத் திட்டமிடுவோர் எதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் ஏழு நாள்

தோட்டத் தமிழர் கண்ட முதல் தீவு பினாங்குதான். ஆனால் அவர்கள் அதனை விடுமுறைக்கு வந்தோராகக் காணவில்லை. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, மேல்தட்டில் மூட்டை முடிச்சுகளோடு படுத்தெழுந்து, ஏறத்தாழ ஒரு வாரம் வங்கக் கடலைக் கடந்து வந்தவர்களுக்கு முதலில் தென்பட்ட கரை அது. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரை நம் முதியோர் பலர் இன்னும் உச்சரிப்பதுண்டு. அக்கப்பல் 1970களின் தொடக்கம்வரை இவ்வழியில் ஓடிற்று.

கரை தெரிந்தவுடன் இறங்கிவிட முடியாது. பினாங்குத் தீவின் கிழக்கே ஜெரெஜாக் என்னும் சிறுதீவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்குத் தொழுநோயாளர் இல்லமும், அதனையடுத்து நோய்த்தடுப்பு முகாமும் அமைக்கப்பட்டன. வாந்திபேதி, பெரியம்மை முதலிய கொள்ளைநோய்கள் நாட்டினுள் நுழையாமலிருக்கத் தட்டுப் பயணிகளை அங்கு இறக்கி வைத்தனர். சில நாள், ஒரு வாரம், நோய் கண்டுவிட்டால் அதற்கு மேலும் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும். பிற்காலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அத்தகைய முகாம் எழுந்தது. சிலாங்கூருக்கு வந்தோர் பலர் அங்கேயே இறக்கப்பட்டனர். ஆயினும் மூத்த தலைமுறையினர் பலருக்கு நுழைவாயில் பினாங்கே.

எண்ணிப் பாருங்கள். கடற்காற்று வீசும் தீவு, சுற்றிலும் நீலநீர், எதிரே தென்னையும் மலையும். இன்று பெரும்பணம் கொடுத்துப் பெறுகின்ற இயற்கைக் காட்சி அது. அதன் நடுவே நம் பாட்டனும் பாட்டியும் தங்கிய அந்நாட்களில், எங்கே போகிறோம் என்பது கங்காணிக்குத் தெரியும். எவ்வளவு கடன் என்பது அவன் கணக்கேட்டுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தீவில் நம் மக்கள் கழித்த முதல் வாரம் இவ்வாறு பிறர் திட்டமிட்ட வாரமாயிற்று.

விடுமுறை இல்லாத வாழ்வு

ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குப்பின் கங்காணி முறையே மேலோங்கிற்று. 1938இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அது நீடித்தது. இக்காலத்தில்தான் கோல சிலாங்கூர் வட்டாரத்தின் காடுகள் தோட்டங்களாயின. ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இவ்வட்டாரத்தில் தொடங்கிய தென்னமரம் தோட்டமே இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமாகும். அவர் எழுதிய மலாயா பற்றிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நாட்டின் பெருந்தொழில் ஒன்று பிறந்த இடத்திற்குத் தமிழ்ப்பெயர் வாய்த்திருப்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

பெயர் தமிழாயினும் நேரம் தமிழர் கையில் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்றல் வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். தண்டல் நிரை பிரிப்பார். வேலைக்கு வந்தால் கூலி, வாராவிடில் இல்லை. மழை பெய்து மரம் நனைந்தால் அன்றைய வருமானமும் நனைந்தது. 1937இல் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் ஒரு நாட்கூலியாக இருந்தது. மறு ஆண்டே அது குறைக்கப்பட்டது. இத்தகைய வாழ்வில் ஒரு வாரம் ஓய்வென்பது ஒரு வாரப் பட்டினி என்றே பொருள்படும். கோயில் திருவிழாவும் தீபாவளியும் பொங்கலுமே மக்கள் அறிந்த ஓய்வுகள். பத்துமலைத் தைப்பூசத்திற்கு லாரியில் நெருக்கியடித்துச் சென்று மீள்வதே பலர்க்கு ஆண்டின் ஒரே நெடும்பயணமாக விளங்கிற்று.

வெளியே செல்வது இருக்கட்டும். தோட்டத்திற்குள்ளேயே நடமாடும் உரிமையும் குறைவாக இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் கல்வியும் மருத்துவமும் அவற்றுள் இருந்தன. அவற்றோடு வேறு இரண்டும் இருந்தன. உற்றார் உறவினர் தோட்டத்திற்கு வந்து பார்த்துப் போக இசைவு வேண்டும் என்பது ஒன்று. துரையின் முன்னும் அதிகாரிகளின் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. படை கொண்டு அப்போராட்டம் அடக்கப்பட்டது; உயிர்களும் பலியாயின. மிதிவண்டியில் ஏறிச் செல்லவும் போராட வேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள், இன்று சொந்தக் காரில் பினாங்குப் பாலத்தைக் கடக்கின்றனர் என்றால், இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு கிலோமீட்டரால் அளக்கத்தக்கதன்று.

அதன்பின் வந்த நெடும்பயணம் இன்னும் கொடியது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ரயில்பாதை போடுவதற்கு ஜப்பானியர் தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். போனவர்களுள் திரும்பாதவர் மிகப்பலர். ஆகவே கப்பலில் வந்ததும் பிறர் ஆணை. சயாமுக்குச் சென்றதும் பிறர் ஆணை. 'பயணம்' என்னும் சொல்லைக் கேட்டதும் நம் முதியோர் முகத்தில் மகிழ்ச்சிக்கு மாறாக ஓர் அச்சம் படர்வதற்குக் காரணம் இதுவே.

ஒரு வாரம் உரிமையான கதை

ஊதியத்தோடு கூடிய விடுமுறை உலகத் தொழிலாளர்க்கே பிந்திக் கிடைத்த உரிமையாகும். 1936இல் பிரான்சில் தொழிலாளர்க்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. அவ்வாண்டு கோடையில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல முதன்முறையாகக் கடலைக் கண்டன. அதே ஆண்டில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, ஓராண்டு உழைத்தவருக்கு ஆறு வேலை நாட்களுக்குக் குறையாத சம்பள விடுமுறை வேண்டும் என உடன்படிக்கை வகுத்தது. வார ஓய்வு நாளையும் சேர்த்தால் அது ஒரு வாரமே. ஆயின் அவ்வுடன்படிக்கை தொழிற்சாலைக்கும் வணிகத்துக்குமே உரியதாயிற்று. நிலத்தில் உழைப்போர்க்கு விடுமுறை வேண்டும் என உலகம் தனி உடன்படிக்கை காண 1952 வரை ஆயிற்று. தோட்டத் தொழிலாளி எங்கும் கடைசி வரிசையிலேயே நிறுத்தப்பட்டான் என்பதற்கு இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளி சான்று.

மலாயாவில் 1954இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தன. பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளராக நெடுங்காலம் பணியாற்றினார். மறு ஆண்டு, 1955இல், வேலைவாய்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அச்சட்டம், இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்க்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்டவர்க்கு 12 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுமுறை அளிக்கின்றது.

சட்டம் நாளைத் தந்தது. பணத்தை யார் தருவது? இதற்கு விடையளித்தது சேமிப்பு. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்தே பங்கு வாங்கினர். அச்சிறு துளிகள் திரண்டு கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கிப் பல தோட்டங்களை வாங்கும் வெள்ளமாயின. பத்துப் பத்து வெள்ளியாகச் சேமித்துத் தோட்டமே வாங்கிய மக்களால் ஒரு வாரப் பயணத்துக்குச் சேமிக்க இயலாது என்று யார் சொல்ல முடியும்?

ஏன் பினாங்கு?

தீவுகள் பல இருக்கப் பினாங்கை ஏன் சொல்கிறோம் என்று கேட்கலாம். கோல சிலாங்கூருக்கும் கடல் உண்டு. ஆனால் நம் கரை சேற்றுக் கரை. அலையாத்திக் காடும் சிப்பியும் கொக்கும் அதன் செல்வங்கள். மணலில் நடந்து அலையிற் கால் நனைக்க நம் பிள்ளைகள் வேறிடம் செல்ல வேண்டும். பினாங்கின் வடகரையில் மணலும் பாறையும் உண்டு. கடற்கரைக்கும் நகரத்துக்கும் இடையே சிறிது நேரப் பேருந்துப் பயணமே. காலையில் கடலாடி மாலையில் கோயிலும் கடைத்தெருவும் காணும் வாய்ப்பு அங்கே அமைந்துள்ளது.

அதனினும் பெரிய காரணம் வரலாறு. பினாங்குத் தீவுக்கு எதிரே கிடப்பது கெடா. அதுவே கடாரம். பட்டினப்பாலை புகார்த் துறைமுகத்து வந்திறங்கிய பொருள்களுள் காழகத்து ஆக்கத்தைக் குறிக்கின்றது. காழகம் என்பதற்குக் கடாரம் என நச்சினார்க்கினியர் உரை கண்டார். 1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கிற்று. பினாங்கின் வடகரையில் நின்று வான் தெளிந்த நாளில் நோக்கினால், பண்டை மாலுமிகளுக்கு வழிகாட்டிய ஜெராய் மலை எதிரே தெரியும்.

1786இல் பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானுக்குரிய அத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். பின்னர்ச் சோழமண்டலக் கரையினின்று சூலியா வணிகரும் செட்டிமாரும் கூலியாட்களும் வந்தனர். இந்தியக் கைதிகளும் கொண்டுவரப்பட்டுச் சாலைகள் அமைத்தனர். ஊரின் பெயர்களே தமிழாசிரியர்க்கு ஒரு பாடமாகும். 'பினாங்' என்பது மலாய்மொழியில் கமுகு; ஆகவே அது கமுகுத் தீவு. நகரம் அமைந்த முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்பது பழம்பெயர். 'பெனாகா லாவுட்' எனப்படும் மரம் வேறெதுவுமன்று. சங்கப் புலவர் நெய்தல் நிலத்திற்கு உரியதாகப் பாடிய புன்னையே அது. 'பத்து ஃபெரிங்கி' என்பதில் வரும் ஃபெரிங்கியும் நாம் பறங்கி என வழங்குவதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். பறங்கிப் பாறையின் அருகே புன்னை முனையில் நின்று நெய்தல் திணையைக் கற்பிப்பதினும் சிறந்த வகுப்பறை ஏது?

ஏழு நாளைத் திட்டமிடல்

இனி, பயணத்தை எவ்வாறு வகுப்பது? குடும்பமாயினும் பள்ளியாயினும் ஓராண்டுக்கு முன்பே நாளைக் குறித்து மாதந்தோறும் சிறு தொகையை ஒதுக்குதல் முதற்கடன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை மிகுதி. சனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவு. ஆனால் தைப்பூசக் காலத்தில் அறையும் பேருந்தும் கிடைத்தல் அரிது. திருவிழாவைக் காண்பதே நோக்கமாயின் முன்னரே இடம் பிடித்துக்கொள்க; கடற்கரையே நோக்கமாயின் அவ்வாரத்தைத் தவிர்க்க.

முதல் நாள் பயணத்திற்குரியது. சபாக் பெர்ணாம், தெலுக் இந்தான் வழியாகக் கடலோரச் சாலையில் வடக்கே செல்லலாம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலிலும் செல்லலாம். எவ்வழிச் சென்றாலும் தீவுக்குள் நுழையும்போது பாலத்தை விட்டுப் படகில் ஏறுக. 1985இல் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்பாலம் திறக்கப்படும்வரை அனைவர்க்கும் நீர்வழியே வழி. கடல்மேல் நின்று கரை நெருங்கிவரக் கண்ட முன்னோரின் முதற்பார்வையைச் சிறிதேனும் உணர அது உதவும்.

இரண்டாம் நாள் நகருக்குரியது. 2008இல் உலக மரபுடைமை நகராக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனைக் காலால் நடந்தே காண வேண்டும். கார்ன்வாலிஸ் கோட்டையும் கடற்கரைத் திடலும் கண்டபின், 1833இல் எழுந்த குவீன் தெரு மாரியம்மன் கோயில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் ஆண்டவர் நினைவிடம், சூலியா தெரு ஆகியவற்றைக் காண்க. தமிழ் இந்துக்களும் தமிழ் முசுலிம்களும் அருகருகே எழுப்பிய அடையாளங்கள் இவை. பயணத்திற்கு முன் மேல்நிலை மாணவர் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலைப் படித்திருப்பாராயின், அத்தெருக்கள் அவர்க்கு முன்பே பழகியவையாகத் தோன்றும்.

மூன்றாம் நாள் தண்ணீர்மலைக்கு. 1884இல் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டமும் முருகன் கோயிலும் அடுத்தடுத்து உள்ளன. நான்காம் நாள் பினாங்கு மலை. 1923 முதல் மலையேறும் ரயில் அங்கு ஓடுகின்றது. அக்காலத்தில் மலையுச்சிக் குளிர் வெள்ளைத் துரைமார்க்கு உரிய ஓய்வாக இருந்தது. இன்று யாரும் சீட்டு வாங்கி ஏறலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாட்காலையும் கடற்கரைக்கு. கர்னி டிரைவ் காற்று வாங்கவும் உண்ணவும் ஏற்றது, குளிக்க ஏற்றதன்று. தஞ்சோங் பூங்காவும் பத்து ஃபெரிங்கியும் மணற்கரைகள். சொறிமீன் கடிக்கக்கூடும், ஆகவே ஊரார் சொல் கேட்டு நீரில் இறங்குக. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் கூட்டம் கரையில் இருந்தபோதே ஆழிப்பேரலை வந்தது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பினாங்கில் உயிரிழந்தவர். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவனும் மனனம் செய்திருத்தல் நன்று.

ஆறாம் நாட்பிற்பகலை ஜெரெஜாக் தீவுக்கு ஒதுக்குக. தீவின் கிழக்குக் கரையில், இரண்டு பாலங்களுக்கும் இடைப்பட்ட கடலில், அது பசுமையாகத் தோன்றும். 1969 முதல் 1993 வரை அங்குச் சிறைச்சாலையும் இருந்தது. கரையில் நின்று நோக்கினாலே போதும். தாத்தாவோ பாட்டியோ உடன் வந்திருப்பின், அவர்தம் பெற்றோர் வந்த கதையைப் பேரப்பிள்ளைகள் அங்கே நின்று கேட்கட்டும். ஏழாம் நாள் ஊர் திரும்பும் வழியில், கேட்டதை ஏட்டில் எழுதச் செய்க. அது மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாகும், குடும்பத்திற்கு ஆவணமாகும்.

நம் கடமை

இன்று நம் வட்டாரத் தோட்டங்கள் மாறிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. பத்தாங் பெர்ஜூந்தை, 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயன் வீடுகளிலிருந்து நம் மக்கள் நகர்ப்புறத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துள்ளனர். விடுமுறைக்குத் தீவு செல்வது இளைஞர்க்கு எளிதாகிவிட்டது. எளிதானதால் அதன் விலை மறந்துபோகும் இடரும் வந்துவிட்டது.

மறதி இருவகைப்படும். கடற்கரையில் படமெடுத்து மகிழும் பேரன், எதிரே கிடக்கும் சிறுதீவின் பெயரறியாமல் திரும்புவது ஒன்று. ஐம்பது ஆண்டு மரம் வெட்டிய பாட்டியை வீட்டுக்காவலாக விட்டுச் செல்வது மற்றொன்று. விடுமுறையே அறியாமல் உழைத்தவருக்கு அவ்வேழு நாளில் முதல் உரிமை உண்டு. மூன்றாவதாக ஒன்றையும் நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். நாம் விட்டுவந்த தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பாடுபடுகின்றனர். கடன்பட்டுக் கடல்கடந்து வந்தவர் என்பதில் அவர் பலரும் நம் பாட்டனாரும் ஒன்றே. நம் வரலாற்றை உண்மையாகக் கற்றவர், அவர்க்கும் ஓய்வு வேண்டும் என்பதை மறுக்கமாட்டார்.

ஆசிரியப் பெருமக்களே, வரலாற்றை ஆண்டுகளின் பட்டியலாக மட்டும் கற்பித்தல் போதாது. மாணவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உன் குடும்பத்திற்கு ஏழு நாள் பயணம் ஒன்றைத் திட்டமிடு, யார் யார் வருவர், எவ்வளவு செலவாகும், எங்கெங்கு நிற்பீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். கணக்கும் புவியியலும் தமிழும் வரலாறும் அத்தாளில் ஒன்றுகூடும். நம் முன்னோர் தீவில் கழித்த முதல் வாரத்தைக் கங்காணியும் கப்பற்காரனும் திட்டமிட்டனர். இனிவரும் வாரத்தை அவர்தம் பேரப்பிள்ளைகள் தம் கையால் எழுதட்டும்.